பிறந்தநாளுக்கு 300 வெள்ளித் தேத்தண்ணியா?

கேள்வி: மலேசியா, சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர், 14 ஜூலை 2025

அடுத்த மாதம் வீட்டுக்காரிக்கு 45 வயது நிறைகிறது. ஈப்போவில் ஓர் ஓட்டலில் ஹை-டீ இருக்கிறது, அம்மாவைக் கூட்டிப் போங்கள் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். தலைக்கு 128 வெள்ளி (ரிங்கிட்), பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி வேறு. நம் கடைத்தெருவில் தே தாரிக் இரண்டு வெள்ளி சொச்சம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தேத்தண்ணி குடிக்க மேசை விரிப்பு போட்டு உட்கார்ந்து பழக்கமில்லை. காசைக் கரியாக்குகிற வேலைதானே இது? போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: தாப்பா வாசகர் ஒருவர், 14 ஜூலை, இரவு

கரியாக்குகிற வேலைதான். போய் வாருங்கள்.

முதலில் அந்தக் கூட்டல் குறிகள். ஒன்று ஓட்டல்காரர் எடுக்கும் சேவைக் கட்டணம், 10 விழுக்காடு. மற்றது அரசாங்கத்தின் சேவை வரி, 6 விழுக்காடு. போன வருடம் மார்ச்சில் சேவை வரியை 8 ஆக்கியபோது சாப்பாட்டுக்கு 6-லேயே விட்டுவைத்தார்கள். ஆகவே 256 என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போனால் பில் வரும்போது முகம் மாறும். 297 என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

நான் தாப்பாக்காரன், ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். போன வருடம் என் மகன் இதே பேச்சை எடுத்தபோது நீங்கள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். மூன்றாம் நாள் போன் போட்டு மேசைக்குச் சொல்லிவிட்டேன். அந்தக் கதை கொஞ்சம் நீளம். சனிக்கிழமை எழுதுகிறேன்.

15 ஜூலை

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. விளம்பரத்தை மகளிடம் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் ஹை-டீ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பஃபேதான். மீ கோரெங், சாத்தே, குவே, செண்டோல், ஓரமாக ஒரு பெரிய பாத்திரத்தில் தேநீர். தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மூன்றடுக்குத் தட்டு, பீங்கான் கெண்டி, ஆள் வந்து ஊற்றிக் கொடுப்பது எல்லாம் ஆஃப்டர்நூன் டீ. இரண்டும் வேறு வேறு.

பெயரில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் பசி தாங்காமல் தேநீரும் ரொட்டியும் அறைக்கு வரவழைத்தார், அதிலிருந்து வந்ததுதான் ஆஃப்டர்நூன் டீ என்பார்கள். ஹை டீ என்பது அங்கே ஆலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் சாயங்காலம் இறைச்சி, ரொட்டி, தேநீர் என்று வயிறு முட்டச் சாப்பிடுவது. அதாவது நம்ம ஆள். ஹை என்றதும் உசத்தியாக்கும் என்று நாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டோம். பார்க்கப்போனால் சரியாகத்தான் பிடித்திருக்கிறோம். மீ கோரெங்கை வைத்ததில் தப்பே இல்லை.

15 ஜூலை, இரவு

அப்படியானால் பஃபேக்குப் போகக்கூடாதா என்று ஒருவர் கேட்கிறார். தாராளமாகப் போகலாம். ஆனால் பிறந்தநாள்காரி ஐந்து தடவை எழுந்து போவாள். உங்களுக்கும் சேர்த்து எடுத்து வருவாள். ‘சாத்தே தீரப் போவுதுங்க’ என்று மறுபடியும் ஓடுவாள். வீட்டிலும் அதுதானே நடக்கிறது.

19 ஜூலை

சரி, கதை.

என் மனைவி கேமரன் மலைக்காரி. ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எனக்குக் கழுத்தை நீட்டி 1998-இல் கீழே இறங்கி வந்தவள். அவள் அம்மா, என் அத்தை, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மனைவி பிறந்தநாள் ஆகஸ்ட் 9. போன வருடம் அது ஆடி வெள்ளியில் விழுந்தது, அவளுக்கு விரதம். அதனால் மறுநாள் சனிக்கிழமை மலைக்குப் போனோம்.

தாப்பாவிலிருந்து மலை ஊரான தானா ராத்தாவுக்கு 60 கிலோமீட்டர்தான். ஆனால் நேராக நாலு கம்பம் தூரம் கிடையாது, வளைவுக்குமேல் வளைவு. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டுவதற்குள் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். மலைக்காரிக்கு மலை ரோடு ஒத்துக்கொள்ளாது. இருபத்தாறு வருடமாக நான் செய்கிற கேலி இது, இன்னும் அலுக்கவில்லை. எனக்கு.

ஓட்டல் பெயர் வேண்டாம், ஒரு குறையும் சொல்லப்போகிறேன். பழைய பாணிக் கட்டடம், உள்ளே கணப்பு, பூப்போட்ட சோபா. அவளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் என்றால் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்களாம். லாரியில் நின்றபடி எட்டிப் பார்த்ததோடு சரி, உள்ளே கால் வைத்ததில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று, மழை பிடித்துக்கொண்டது. அவள் சேலைமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்குத்தான் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தேநீர்ப் பட்டியலே இரண்டு பக்கம். ஏர்ல் கிரே, ஊலாங், லாப்சாங் என்னவோ ஒன்று. டார்ஜிலிங் முதல் பறிப்பு என்று ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் உசத்தி விலை அதுதான், அதனால் அதையே சொன்னேன். இருவருக்கும் சேர்த்து 160 வெள்ளி, கூட்டல் கூட்டல். கெண்டியோடு ஒரு சின்ன மணல் கடிகாரமும் வந்தது. மணல் முழுக்க இறங்க மூன்று நிமிடம். அதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டுமாம்.

அவள் மணல் இறங்குகிறவரை காத்திருக்கவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

‘இது சரியாப் புளிக்கலைங்க. பச்சை வாசம் அடிக்குது.’

தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், இலையை ராத்திரி முழுக்க வாட்டுவார்கள். பிறகு உருட்டி, நசுங்கிய இலையைப் பரப்பிக் காற்றுப்பட வைப்பார்கள். பச்சை செம்பாகிப் பழுப்பாகும். இதைத்தான் அவர்கள் புளிக்க வைப்பது என்பார்கள், ஆனால் மாவு புளிப்பது மாதிரி இல்லை, இலைச்சாறு காற்றோடு சேர்ந்து மாறுவது. கடைசியில் சூட்டில் காய வைத்து நிறுத்திவிடுவார்கள். டார்ஜிலிங் முதல் பறிப்பில் அந்தப் புளிப்பை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆக, பெயரைக்கூடப் படிக்காமல் மூக்கை வைத்தே சொல்லிவிட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரிமாற வந்த பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, இவங்க யார் தெரியுமா? இந்த மலைத் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு, இவங்க அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க’ என்று மலாயில் அளந்துவிட்டேன். அவன் போய் மேலாளரைக் கூட்டி வந்தான். அவர் கை குலுக்கினார். சமையலறைக் கதவு வழியாக இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஸ்கோன், அரை சாண்ட்விச். கீழே இறங்கும்போதும் பேச்சில்லை.

எனக்குக் காரணம் தெரியும். பட்டியல் வந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ‘இந்த ஒரு கெண்டி, அத்தை அந்தக் காலத்துல எத்தனை நாள் கொழுந்து எடுத்த கூலி தெரியுமா’ என்றேன். அதுதான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். ஆகவே சுங்கை சிப்புட் நண்பருக்கு: போங்கள், ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு விலையைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

குறையைச் சொல்லாமல் விட்டேன். மாட்டிறைச்சி வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். தட்டில் பாஸ்ட்ராமி சாண்ட்விச் இருந்தது. பாஸ்ட்ராமி என்றால் மாட்டிறைச்சி என்பது எனக்குத் தெரியாது, அவள் கடிப்பதற்கு முன்னால் கேட்டாளோ இல்லையோ, பிழைத்தோம். மாற்றி முட்டை கொடுத்தார்கள். நீங்கள் போனிலும் சொல்லுங்கள், மேசையில் உட்கார்ந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

20 ஜூலை

ஸ்கோன் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் பிறந்தது. சூடாக இருக்கும்போது கையால் இரண்டாகப் பிய்த்து, ஜாமும் கெட்டிப் பாலேடும் தடவ வேண்டும். இங்கிலாந்தில் டெவன்காரர்கள் ஏட்டைத் தடவி அதன்மேல் ஜாம் வைப்பார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமைத் தடவி அதன்மேல் ஏடு வைப்பார்கள். இதற்காகக் காலங்காலமாக வாக்குவாதம். சாம்பாரை முதலில் ஊற்றுவதா ரசத்தையா என்பது மாதிரி. மலையில் ஸ்ட்ராபெர்ரி ஜாம்தான் வரும், அதற்குச் சண்டை வேண்டாம்.

மூன்றடுக்குத் தட்டில் கீழ்த்தட்டு சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், உச்சியில் இனிப்பு. கீழிருந்து மேலே சாப்பிட்டுப் போக வேண்டும். மனைவி அதைப் பார்த்துச் சொன்னது: ‘தூக்குச்சட்டிதான். மூடியும் பிடியும் தொலைஞ்சு போச்சு.’ அவள் அம்மா வெளிக்காட்டுக்குத் தூக்கிப் போனதும் மூன்றடுக்கு. கீழே சோறு, நடுவில் குழம்பு, மேலே கருவாடு.

வெள்ளரிக்காய் சாண்ட்விச் மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பத்தியம்.

27 ஜூலை

மாட்டிக்கொண்டேன். மகன் இந்த இழையைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அவன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டான்.

இன்று காலை பசியாறும்போது அவள் கேட்டாள்: ‘விலை சொன்னதுக்கா நான் கோவிச்சுக்கிட்டேன்?’

‘இல்லையா?’

‘பட்டியல் என் கையிலயும்தானே இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதா? அந்தப் பையன்கிட்ட எதுக்கு எங்கம்மா கதையைச் சொன்னீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சும்மா சாப்பிட வந்த பொம்பளையா உக்காந்திருப்பேன். நீங்க என்னைத் திரும்பவும் லயத்துல கொண்டுபோய் வுட்டுட்டீங்க.’

தோசை கல்லில் கருகிற வாசம் வந்தது, எழுந்து போய்விட்டாள். ஆகவே 19-ஆம் தேதி நான் எழுதிய காரணம் தப்பு. அதை அழிக்காமல் விடுகிறேன், ஒரு வருடம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும்.

27 ஜூலை, மத்தியானம்

‘தோட்டத்தில் பிறந்ததைச் சொன்னால் என்ன கேவலம்? உங்கள் மனைவிக்கு வெட்கமா?’ என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். ஐயா, அவளுக்கு வெட்கம் இல்லை. தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சியில் மேடையேறி, நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று அவளே பேசுவாள். அது அவள் வாயால், அவள் நேரத்தில். இது வேறு.

28 ஜூலை

ராத்திரி தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன்.

அன்றைக்கு அந்த அறையில் கூச்சப்பட்டவன் நான். அவள் இல்லை. எந்தக் கத்தியை எடுப்பது, துணியை மடியில் போடுவதா கழுத்திலா, பையன் பக்கத்தில் வந்து நின்றால் எழுந்திருக்க வேண்டுமா என்று என் மனசு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்கு ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு பெரிய பட்டக்காரர் வீட்டு டத்தின் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கும் தேயிலையைப் பற்றித் தெரியும் என்று அந்தப் பையனிடம் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்குத்தான் இருந்தது. என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் அவள் அம்மாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. படித்துக்கொள்வாள்.

2 ஆகஸ்ட்

எந்தத் தேநீரைச் சொல்வது என்று கேட்டவருக்கு. நானே அரைகுறை, அவளைக் கேட்டு எழுதுகிறேன்.

பால் ஊற்றிக் குடிக்கப் பிடிக்கும் என்றால் அசாம் வாங்குங்கள், கறுப்பாக, கனமாக இறங்கும். ஏர்ல் கிரேயில் பெர்கமோட் என்ற ஒரு வகை எலுமிச்சைத் தோலின் எண்ணெய் சேர்ந்திருக்கும், சிலருக்கு அது சோப்பு வாசம். லாப்சாங்கைப் பைன் விறகுப் புகையில் காட்டியிருப்பார்கள். என் மனைவி அதை மோந்துவிட்டு, ‘இது கித்தா ஸ்டோர் வாசம்’ என்றாள். ரப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகை அறையில் தொங்கவிடுவார்களே, அந்த வாசம். எனக்கு அது ஊர் ஞாபகம், இரண்டு கோப்பை குடித்தேன். டார்ஜிலிங்கில் பால் ஊற்றினால் காசு தண்டம். பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணி ஆகாது, 70, 80 டிகிரி போதும். இல்லையென்றால் கசந்து போகும்.

அவள் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மலையில் அத்தை தேத்தூளைப் போட்டுக் கொஞ்சம் அதிக நேரம் மூடி வைப்பாராம். கீழே தாப்பாவுக்கு வந்து இவளும் அதே மாதிரி வைத்தபோது, ‘என்னம்மா, கஷாயமா?’ என்று என் அப்பா கேட்டது எனக்கே நினைவிருக்கிறது. இருபத்தேழு வருடம் கழித்துக் காரணம் தெரிகிறது.

இன்னொரு கணக்கு, அவள் போட்டது. ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தேயிலை. ஒரு கெண்டிக்கு ஐந்து கிராம் போடுவார்கள் என்றால் பச்சையாக 25 கிராம். ‘ரெண்டு கைப்பிடி. அம்மா ஒரு நிமிசத்துல எடுத்துரும்’ என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கிறேன்.

தோட்டங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரி: போ (BOH) தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929-இல். பாரத் தேயிலை 1933-இல் வந்தது. இரண்டிலும் தோட்டத்தைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம், இந்த 300 வெள்ளிக் கதையெல்லாம் கிடையாது. சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், கார் நகராது.

8 ஆகஸ்ட்

ஆடி வெள்ளி. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். அண்டாவைக் கிண்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நாளைக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போகிறவள்தான். நாளை ராத்திரி ஈப்போ. இந்த முறை ஃபைன் டைனிங், ஏழு வகை. அவளுக்கு 50 வயது, சும்மா விட முடியுமா? மாட்டிறைச்சி வேண்டாம் என்று மூன்று தடவை போனில் சொல்லியாகிவிட்டது. போன் எடுக்கும் பெண்ணுக்கு என் குரல் மனப்பாடம்.

10 ஆகஸ்ட்

போய் வந்தோம். இந்தப் பெயரும் சொல்லமாட்டேன். பழைய கடைவீட்டை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள், மொத்தம் எட்டு மேசை. தலைக்கு 220, இருவருக்கும் வரியெல்லாம் சேர்த்து 510 வெள்ளி வந்தது. விலையைப் பேசாதீர்கள் என்று சொன்னவனே எழுதுகிறேன் என்று பார்க்காதீர்கள், அங்கே பேசவில்லை, இங்கே பேசலாம். இந்த வருடம் பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700. மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. ஏறக்குறைய எட்டு நாள் கூலியை இரண்டரை மணி நேரத்தில் தின்றுவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு இதில் குற்ற உணர்வு இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மறுபடியும் போவேனா என்றால், போவேன்.

மதுவுக்குப் பதிலாக ஒவ்வொரு வகையோடும் ஒரு தேநீர் ஊற்றுகிறார்கள். இப்போது இது ஒரு வழக்கமாகி வருகிறது. நமக்கு நல்லதுதான், ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டுமே. முதலில் ஒரு கடி அளவுக்கு என்னவோ வந்தது, நாக்கில் வைத்ததும் காணோம். அடுத்து புளிச்ச ரொட்டியும் வெண்ணெயும். மீன், மேலே பூங்கா காந்தான் பொடிப்பொடியாக. அந்த இஞ்சிப்பூவை லக்சாவில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மீனோடு குளிர்ந்த ஊலாங். ஆட்டிறைச்சி வந்தபோது, மற்ற மேசைகளுக்கு வாக்யூ மாட்டிறைச்சி போவதைப் பார்த்தோம். மூன்று தடவை போன் போட்டது வீண் போகவில்லை.

இப்போது முக்கியமான கட்டம். தேநீர் ஊற்ற ஓர் இளைஞன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல மரியாதை. மனைவி பக்கம் குனிந்து, கேமரன் மலைத் தேநீர் என்று அறிமுகப்படுத்திவிட்டுப் பாடம் எடுத்தான். பச்சைத் தேயிலை ஒரு மரத்திலிருந்து வருகிறதாம், கறுப்புத் தேயிலை வேறொரு மரத்திலிருந்து வருகிறதாம்.

எல்லாம் ஒரே செடி. பறித்த பிறகு செய்கிற வேலைதான் வேறு. அது எனக்கே தெரியும். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசைக்குக் கீழே அவள் கால் என் காலை மிதித்தது.

‘ஓ, அப்படியா!’ என்றாள் அவள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ‘எத்தனை வருசம் ஆகும் அந்த மரம் வளர?’ என்று கேள்வி வேறு. அவன் ஏழு என்றான். அவள் வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள். சிரிப்பு. கோப்பெங் வரைக்கும் சிரித்தாள், கம்பார் தாண்டியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘பாவம், நல்லா ஊத்தினான் பையன், ஒரு சொட்டு சிந்தலை’ என்றாள். தாப்பா டோலில் காசு கழிகிற சத்தம் வந்தபோது மறுபடியும் ஒரு தடவை: ‘ஏழு வருசமாம்!’

11 ஆகஸ்ட்

‘முடிந்ததும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) ரொட்டி சானாய் சாப்பிட்டிருப்பீர்களே’ என்று நாலு பேர் எழுதிவிட்டீர்கள். இல்லை. எல்லாரும் சொல்கிற அந்த நகைச்சுவை எங்களுக்கு நடக்கவில்லை. ஏழு வகையும் சின்னச் சின்னதுதான், ஆனால் அந்த ரொட்டியையும் வெண்ணெயையும் மறுபடி மறுபடி கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் நாலு துண்டு. வயிறு கல். காலையில் எழுந்து பசியாற முடியவில்லை.

அவள் மட்டும் ராத்திரி ஒரு மணிக்குப் பாத்திரம் உருட்டினாள். மிச்சமிருந்த ஆடிக்கூழ், ஊறுகாய். அது பசி இல்லை, பழக்கம்.

12 ஆகஸ்ட்

மேலே கம்பார் என்று எழுதியது சரிதானா என்று அவளைக் கேட்டேன். கோப்பெங்கோடு நிறுத்திவிட்டாளாம், கம்பாரில் சிரித்தது நானாம். பதிவு செய்கிறேன்.

17 ஆகஸ்ட்

சுங்கை சிப்புட் நண்பர் போய் வந்துவிட்டாராம். பஃபேதான். வீட்டுக்காரம்மாவை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டு இவரே போய்ப் போய் எடுத்து வந்தாராம். எட்டு நடை. ஆறாவது நடையில், ‘நீங்க எடுத்துட்டு வர்றதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சதாவே இருக்கே’ என்று அந்த அம்மா எழுந்து போனாராம். தேநீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். குடிக்க மறந்துவிட்டார்கள்.

மிச்செலின் நட்சத்திரம் உள்ள கடைக்குப் போகலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போடும் மிச்செலின் கையேடு நம் நாட்டில் கோலாலம்பூரையும் பினாங்கையும் எடுத்துக்கொண்டு 2022 டிசம்பரில் முதல் பட்டியலை வெளியிட்டது. கோலாலம்பூரில் டேவாக்கான் என்ற உணவகத்துக்கு அடுத்த வருடமே இரண்டு நட்சத்திரம் கிடைத்தது, உள்நாட்டுக் கீரை, கிழங்குகளை வைத்துச் சமைப்பவர்கள். நான் போனதில்லை. அவளுக்கு 60 வயது வரட்டும்.

24 ஆகஸ்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவளிடம் கேட்டேன், எழுதுங்க என்றாள். இந்த முறை கேட்டுவிட்டுத்தான்.

போன வருடம் மலையிலிருந்து திரும்பும்போது மிச்சம் ஒரு ஸ்கோனைத் துணித்தாளில் சுற்றி எடுத்து வந்தாள். அத்தை அதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, பால் இல்லாத தே-ஓவில் தோய்த்துச் சாப்பிட்டார். ‘ரொட்டிதான், கொஞ்சம் உப்புக் கம்மி’ என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன ஞாயிறு மகன் அவன் பாட்டியைக் கேட்டான்: ‘உங்களுக்கு எப்பப் பாட்டி பிறந்தநாள்?’ அடையாளக் கார்டில் ஜனவரி 1 இருக்கிறது. அது எழுத உட்கார்ந்தவர் போட்ட தேதி. ஏதோ மழைக்காலம், அம்மை போட்டிருந்த வருசம் என்று மட்டும் அத்தைக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கும் இப்படித்தான்.

மனைவி சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, ‘என் பிறந்தநாளையே வச்சிக்கலாம். அன்னைக்குக் கஷ்டப்பட்டது அவங்கதானே, நானா?’ என்றாள். அத்தை அன்று காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மத்தியானம்வரை கொழுந்து எடுத்துவிட்டு, கூடையை நிறுவையில் போட்ட பிறகுதான் வலி என்று சொன்னாராம். எத்தனை கிலோ என்று இன்றும் சொல்கிறார். அதை மட்டும் எழுதக்கூடாது என்று உத்தரவு.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 9 ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு, அதே ஓட்டல், மூன்று பேர். நேற்றுப் போன் போட்டேன். ஒரு வருடம் முன்னாலேயே மேசை சொல்ல முடியாது, ஜூலையில் கூப்பிடுங்கள் என்றார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கழிவு உண்டு, அடையாளக் கார்டைக் காட்ட வேண்டுமாம். அந்த ஜனவரி 1 ஒரு வழியாக உதவப் போகிறது.

பையனிடம் எதுவும் சொல்லமாட்டேன் என்று இருவரிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

‘சோறு இருக்குமா மாப்பிள்ளை?’